மாக்பெத்தை வீழ்த்தியவர் யார்?

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்களிடம், அம்மாவீரனின் அழிவுக்குக் காரணம் யார் என்று கேட்டுப் பாருங்கள். சூனியக்காரிகள் என்பார் சிலர். மனைவி என்பார் பலர். விதி என்பார் எஞ்சியோர். மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. சூனியக்காரிகள் விதைத்தார்கள், மனைவி நீர் வார்த்தாள், விதி அறுத்தது. பாவம், அந்த மனிதன் என்ன செய்வான்!

தமிழில் 'பாவம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இரங்கும்போதும் 'பாவம்' என்கிறோம். இறைவனுக்கு எதிரான குற்றத்தையும் 'பாவம்' என்கிறோம். மாக்பெத்தைப் பற்றிப் பேசும் நம் கற்றோர் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். இரண்டாம் பொருளை எடுத்துவிட்டால் அந்த நாடகத்தில் எஞ்சுவது ஒன்றுமில்லை என்பது நம் கருத்து. அது மட்டுமன்று, அப்படிப் படிக்கப் பழகிய உள்ளம் தன் வாழ்வையும் அப்படியே படிக்கத் தொடங்கும் என்பதுதான் நம் அச்சம்.

இந்த அச்சம் வெறுங் கற்பனையன்று. பங்கு இல்லத்தின் கதவைத் தட்டி, "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், சாமி, வந்து மந்திரித்துவிட்டுப் போங்கள்" என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். போய்ப் பார்த்தால், அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு இருக்கும். தகுதிக்கு மீறி வாங்கிய கடன் இருக்கும். எப்படியாவது ஊரில் முதல் ஆளாகிவிட வேண்டும் என்ற வெறி இருக்கும். தீர்த்தம் தெளிக்க நாம் மறுப்பதில்லை. ஆனால், வினையைச் செய்தவர் யார் என்று கேட்டால் வீட்டிலுள்ளோர் முகங்கள் சுருங்கிவிடுகின்றன. ஸ்காட்லாந்தின் சூனியக்காரிகள் நம் தெருவரையில் வந்துவிட்டார்கள் என்பதே உண்மை. ஆகவே, இவர்களைப் பற்றிச் சற்று ஆராய்வோம்.

மூன்று சூனியக்காரிகள் மாக்பெத்திடம் என்ன சொன்னார்கள்? கிளாம்ஸின் கோமான் என்றார்கள். அவன் ஏற்கெனவே அதுதான். காடோரின் கோமான் என்றார்கள்; அந்தப் பட்டத்தை மன்னன் டங்கன் அவனுக்கு வழங்கியாயிற்று, செய்திதான் இன்னும் வந்து சேரவில்லை. பின்னர் அரசனாவாய் என்றார்கள். இவ்வளவுதான். 'கொல்' என்று அவர்கள் ஒரு முறையும் சொல்லவில்லை. கத்தியைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. எனினும், காடோர்ப் பட்டம் உறுதியானதும் மாக்பெத்தின் மயிர் சிலிர்க்கிறது. நெஞ்சு விலாவில் மோதுகிறது. கொலை என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் தானாகவே எழுந்து நிற்கிறது. சூனியக்காரிகள் மகுடத்தைத்தான் காட்டினார்கள். மகுடத்திற்கும் தனக்கும் இடையே ஒரு பிணத்தைக் கிடத்தியவன் அவனே.

அதே இடத்தில், அதே குரல்களைக் கேட்டவன் இன்னொருவனும் உண்டு: நண்பன் பாங்க்கோ. அவன் வழித்தோன்றல்கள் அரசாள்வர் என்பது அவனுக்குச் சொல்லப்பட்ட வாக்கு. ஆசை மூட்டக்கூடிய வாக்குத்தானே? அவனோ, இருளின் கருவிகள் சிறு உண்மைகளைச் சொல்லி நம்மை வசப்படுத்திப் பெருங்கேட்டில் தள்ளும் என்று எச்சரிக்கிறான். அவனுக்கும் தீய எண்ணங்கள் வராமல் இல்லை. ஆனால், உறக்கத்தில் வரும் அவ்வெண்ணங்களை அடக்கியருளும்படி அவன் விண்ணுலக ஆற்றல்களிடம் மன்றாடுகிறான். ஒரே விதை இரு நிலங்களில் விழுந்தது. ஒரு நிலம் முள்ளை வளர்த்தது, மற்றது வளர்க்கவில்லை. விதையின் மீது பழி போடுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

விதியே காரணம் என்போர்க்கு விவிலியம் இதைவிடத் தெளிவான விடையை வைத்திருக்கிறது. தாவீது என்னும் இளைஞரைச் சாமுவேல் அருள்பொழிவு செய்தபோது சவுல் இன்னும் அரியணையில் இருந்தார். அரசுரிமை தாவீதுக்கு வாக்களிக்கப்பட்டாயிற்று. அதுவும் சூனியக்காரிகளால் அன்று, ஆண்டவரின் இறைவாக்கினரால். ஏன்கேதிப் பாலைநிலத்தின் குகையில் சவுல் தனித்துச் சிக்கியபோது, கடவுள் குறித்த நாள் இதுவே என்று தாவீதின் ஆட்கள் தூண்டினார்கள். தாவீது அவருடைய அங்கியின் தொங்கலை மட்டும் அறுத்தார். அதற்கே அவர் நெஞ்சம் அவரை உறுத்தியது. மறுமுறை சவுல் உறங்கிக்கொண்டிருந்தபோது ஈட்டி அருகிலேயே குத்தி நின்றது. அப்போதும் அவர் கை நீட்டவில்லை. வாக்குறுதி என்பது கொலைக்கு உரிமம் ஆகாது. மெய்யான வாக்குறுதி காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும். மாக்பெத்தும் தொடக்கத்தில், தனக்கு முடி சூட வேண்டுமெனில் தன் முயற்சியின்றியே அது நிகழட்டும் என்று ஒரு கணம் எண்ணினான். அந்தக் கணத்தில் நின்றிருந்தால் நாடகமே இல்லை. டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்தவுடன் அவனால் காத்திருக்க இயலவில்லை.

இனி மனைவிக்கு வருவோம். இவள் குற்றமற்றவள் என்று நாம் வாதிடப் போவதில்லை. தன் பெண்மையின் இரக்கத்தைப் பிடுங்கிவிடுமாறு தீய ஆவிகளை அழைத்தவள் இவள். தயங்கிய கணவனின் ஆண்மையை எள்ளி நகையாடியவள் இவள். ஆனால், 'பெண் கெடுத்தாள்' என்று சொல்லிவிட்டு ஆண் நழுவிச் செல்வது ஏதேன் தோட்டத்திலேயே தொடங்கிய பழைய தந்திரம். அங்கே ஆதாம் ஏவாளை மட்டுமா குற்றம் சாட்டினான்? அவளைத் தந்த கடவுளையும் சேர்த்தே குற்றம் சாட்டினான். நாடகத்தைக் கவனித்துப் படியுங்கள். அவனுடைய கடிதம் அவளை எட்டுமுன்பே கொலையெண்ணம் அவனுள் பிறந்துவிட்டது. இத்திட்டத்தை முதலில் தன்னிடம் எடுத்துரைத்தவன் அவன்தானே என்று அவளே அவனைக் கேட்கிறாள், அவன் மறுக்கவில்லை. பாங்க்கோவைக் கொல்ல ஆட்களை ஏவியபோது, மனைவி அறியாமலிருப்பதே நலம் என்று மறைத்துவிடுகிறான். மாக்டஃபின் மனைவியும் மக்களும் கொல்லப்பட்ட கொடுமையில் அவளுக்குப் பங்கே இல்லை. முதற்கொலைக்குத் தூண்டியவள் வேண்டுமென்றால், அடுத்தடுத்த கொலைகளுக்கு அவன் யாரைத் தேடினான்?

நாடகாசிரியர் எந்த நோக்கத்தோடு எழுதினார் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. உண்மையான மாக்பெத் 1040 முதல் 1057 வரை 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டவர். டங்கன் உறங்கும்போது கொல்லப்பட்ட முதியவர் அல்லர், போரில் மாண்டவர். மாக்பெத் 1050இல் உரோமைக்குத் திருப்பயணம் சென்று ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்ததாக அக்காலக் குறிப்பு ஒன்று உண்டு. ஆக, வரலாற்று மனிதரை நாம் இங்கே இழிவுபடுத்த வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியர் இக்கதையை எடுத்தது ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து. அதில் மாக்பெத்துக்கு அரியணை மீது ஓரளவு நியாயமான உரிமை இருந்ததாகக் கூறப்பட்டுள்ளது. ஷேக்ஸ்பியர் அதைச் சொல்லாமல் விட்டார். அதில் மாக்பெத் பத்தாண்டுகள் நல்லாட்சி செய்கிறான். ஷேக்ஸ்பியர் அதையும் நீக்கினார். அதில் பாங்க்கோவும் கொலைக்கு உடந்தை; ஷேக்ஸ்பியர் அவனைத் தூயவனாக்கினார். விருந்தினராய் வந்த மன்னனை வீட்டிலேயே கொல்லும் காட்சியை, டஃப் என்னும் வேறொரு மன்னனின் கதையிலிருந்து எடுத்து இங்கே பொருத்தினார்.

பாங்க்கோவைத் தம் மூதாதை என்று கருதிய முதலாம் ஜேம்ஸ் மன்னரை மகிழ்விக்கவே அம்மாற்றம் என்பர். இருக்கலாம். ஆனால், எல்லா மாற்றங்களையும் அதனால் விளக்கிவிட முடியுமா? உரிமை என்னும் சாக்கு, நல்லாட்சி என்னும் சாக்கு, நண்பனும் அப்படித்தான் என்னும் சாக்கு, போர்க்களத்தில் நிகழ்ந்தது என்னும் சாக்கு: ஒவ்வொன்றையும் அவர் தேடிப் பிடித்து அகற்றியிருக்கிறார். குற்றவாளிக் கூண்டில் மாக்பெத்தைத் தனியே நிறுத்துவதற்காக ஆசிரியர் இவ்வளவு பாடுபட்டிருக்க, நாமோ சாக்குகளைத் திரும்பக் கொண்டுவந்து கூண்டைச் சுற்றி அடுக்குகிறோம்!

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில், துன்பியல் தலைவன் முற்றும் தீயவனாகவோ குறையற்ற சான்றோனாகவோ இருத்தல் ஆகாது, 'ஹமார்த்தியா' ஒன்றினால் அவன் வீழ வேண்டும் என்கிறார். பாடநூல்கள் இச்சொல்லைக் 'குணக்குறை' என்று பெயர்த்துவிட்டன. அதனால் மாணவர்களும், பிறவியிலேயே காலில் ஊனம் இருப்பதுபோல் மாக்பெத்தின் உள்ளத்தில் பதவியாசை இருந்தது, அவனால் ஆவதென்ன என்று எண்ணிக்கொள்கிறார்கள். அக்கிரேக்கச் சொல்லின் வேர், எய்த அம்பு குறி தவறுவதைச் சுட்டுவது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்திற்கு வழங்கும் சொல்லும் அதுவே. அரிஸ்டாட்டில் நம் பொருளில் அதைச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும், கிறிஸ்தவ மண்ணில் எழுந்த இந்நாடகத்தைப் படிக்கையில் அச்சொல்லின் இரண்டாம் வாழ்வை நாம் மறக்கலாமா? ஊனம் ஒருவர்க்கு நேர்வது. அம்பை எய்வதோ ஒருவர் செய்வது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அப்படியானால் உயர வேண்டும் என்று விரும்புவதே பாவமா? நம் மறையுரைகள் சில அப்படித்தான் ஒலிக்கின்றன. உள்ளதைக் கொண்டு ஒடுங்கிக் கிட என்று ஏழைக்குப் போதிப்பதற்குத் தாழ்ச்சி என்று பெயர் சூட்டிவிடுகிறோம். புனித தோமா அக்குவினார் இவ்வாறு போதிக்கவில்லை. பெரியவற்றை நாடும் பெருந்தன்மையை அவர் நற்பண்பாகவே வைக்கிறார். தன்னால் இயன்ற பெருஞ்செயலுக்கு அஞ்சிச் சுருங்கும் சிற்றுள்ளத்தைப் பாவம் என்கிறார். வள்ளுவரும் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும், பிறர் பொருளை அவாவாத வெஃகாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தாரன்றோ? இரண்டிற்கும் முரண்பாடு இல்லை.

பதவி வேட்கை எப்போது பாவமாகிறது என்பதற்கு அக்குவினார் மூன்று அளவுகோல்கள் தருகிறார். தன்னிடம் இல்லாத சிறப்புக்காகப் பெருமை தேடுதல் ஒன்று. பெற்ற பெருமையைக் கடவுளுக்கு உரித்தாக்காமல் தனக்கே வைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. அதைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்தாமல் பெருமையிலேயே மனம் நிலைத்துவிடுதல் மூன்றாவது. மாக்பெத்தை இவற்றால் அளந்து பாருங்கள். அரசனாகி என்ன செய்ய விரும்பினான்? எந்த ஏழைக்கு நீதி வழங்க? எந்தப் பகைவனிடமிருந்து நாட்டைக் காக்க? நாடகம் முழுவதும் தேடினாலும் ஒரு சொல் கிடைக்காது. அரசனாக இருப்பதற்காகவே அரசனாக விரும்பினான். எனவேதான் முடி சூடிய பின் அவனுக்கு மிஞ்சிய ஒரே வேலை, முடியைக் காப்பது. ஆசை ஏறிச் சென்ற ஏணியின் உச்சியில் அச்சம் மட்டுமே உட்கார்ந்திருந்தது.

அவனைத் தடுக்க எதுவும் இல்லாமலா போயிற்று? இல்லை. கட்டுப்பாடற்ற ஆசை என்கிறோமே, கட்டுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாய் அறுத்தவன் அவன். கொலைக்கு முன் அவன் தனித்து நின்று எண்ணுகிறான்: டங்கன் என் உறவினர், என் அரசர், என் வீட்டு விருந்தினர், கதவை அடைத்துக் காக்க வேண்டிய நானே கத்தியை ஏந்தலாமா? டங்கன் சாந்த குணம் படைத்தவர் என்பதும், தன்னைத் தூண்டுவது ஆசை ஒன்றே என்பதும் அவனுக்குத் தெரிகிறது. இதைவிடச் சிறந்த மனச்சான்று ஆய்வை எந்தத் தியானக் குருவும் செய்துவைக்க முடியாது. மனைவியிடம், இக்காரியத்தில் இனி மேற்செல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறான். ஆக, அறியாமல் வீழ்ந்தவன் அல்லன். ஒளி இருந்தது, அவன் கண்களை மூடிக்கொண்டான்.

'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் 1965ஆம் ஆண்டு ஏட்டின் 16ஆம் எண்ணில், மனச்சான்று பாவப் பழக்கத்தால் மெல்ல மெல்லப் பார்வை இழக்கும் என்று வத்திக்கான் சங்கத் தந்தையர் எச்சரிக்கின்றனர். மாக்பெத்தின் வாழ்வு அதற்குரிய விளக்கவுரை. முதற்கொலைக்குப் பின், உறக்கத்திலிருந்து விழித்த இருவர் இறைவனை வேண்டுவது அவன் காதில் விழுகிறது. 'ஆமென்' என்று சொல்ல முயல்கிறான், தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. எத்தகைய கொடுந்தண்டனை அது! ஆசி மிகவும் தேவைப்பட்ட வேளையில் ஆசிக்குரிய சொல் வரவில்லை. ஆயினும் அப்போது அவனுக்கு வலித்தது. இரண்டாம் கொலையில் ஆவி வந்து விருந்தில் அமர்ந்தது; அப்போதும் நடுங்கினான். மூன்றாவதில், நெஞ்சில் தோன்றியதை எண்ணிப் பாராமல் கை உடனே செய்யட்டும் என்று உறுதி பூண்டு, குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்டான், நடுக்கமே இல்லை. இறுதியில் மனைவி இறந்த செய்தி வருகிறது. அழவும் அவனால் முடியவில்லை. வாழ்வே பொருளற்ற கதை என்று சொல்லி நிற்கிறான். மாக்டஃபின் வாள் வெட்டியது உடலை மட்டுமே. அந்த மனிதன் அதற்கு முன்பே இறந்துவிட்டான்.

கத்தோலிக்கராகிய நம்மைச் சற்றுச் சுடும் காட்சி ஒன்றும் இதில் உண்டு. கொலை நடந்த விடியலில், குடிபோதையிலிருக்கும் வாயிற்காவலன் தன்னை நரக வாயிலின் காவலனாகப் பாவித்து, இருபொருள்படப் பேசிச் சத்தியம் செய்யும் ஒருவனை உள்ளே வரவேற்கிறான். நாடகம் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 1606ஆம் ஆண்டில் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெட்டைக் குறித்த ஏளனம் இது என்பர் ஆய்வாளர். 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதியைப் பற்றி ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரைக்குள் அறிந்தவர் அவர். அக்குருவின் இக்கட்டை அறிந்த நமக்கு இக்கேலி கசக்கிறது. ஆயினும், கசப்பான மருந்தைத் துப்பிவிட வேண்டியதில்லை. இருபொருள் பேச்சின் கேடு யாரை அழித்தது என்று நாடகமே காட்டுகிறது. சூனியக்காரிகள் மாக்பெத்திடம் இருபொருள்பட பேசுமுன்பே, அவன் தன்னிடமே அப்படிப் பேசக் கற்றுக்கொண்டான். கணவனும் மனைவியும் கொலையைப் பெரும்பாலும் 'காரியம்' என்றும் 'செயல்' என்றுமே குறிப்பிடுகிறார்கள். பாவத்திற்கு வேறு பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாமும் பெயர் வைப்பதில் வல்லவர்கள். உடன்பிறந்தவனின் பங்கை அமுக்குவதற்குப் 'பிழைக்கத் தெரிவது' என்று பெயர். மணமகன் வீட்டார் கேட்கும் விலைக்கு 'மரியாதை' என்று பெயர். பங்குப் பேரவைப் பொறுப்புக்காக ஊரை இரண்டாக்குவதற்குத் 'திருச்சபைப் பணி' என்று பெயர். முதல் மதிப்பெண் பெறாத பிள்ளையை வீட்டில் முகங்கொடுத்துப் பேசாமல் வதைப்பதற்கு 'இலட்சியம் ஊட்டுதல்' என்று பெயர். குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். பெரிய பங்குக்கான ஏக்கத்திற்கும், மேலங்கியின் நிறம் மாற வேண்டும் என்ற கனவுக்கும் 'ஆயரின் விருப்பத்திற்குக் கீழ்ப்படிதல்' என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். செபதேயுவின் மக்கள் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்டபோது மற்றப் பதின்மரும் சினந்தது, அதே ஆசை அவர்களுக்கும் இருந்ததால் அன்றோ? இயேசு அவர்களை விரட்டவில்லை. பெரியவனாக விரும்புவதைத் தடுக்கவும் இல்லை. பெரியவனாவதற்கு வழி தொண்டு என்று திசையை மாற்றினார்.

நாடகத்தின் தொடக்கத்தில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு மனிதன் உண்டு: பழைய காடோர்க் கோமான். மன்னனுக்குத் துரோகம் செய்து மரண தண்டனை பெற்றவன். அவன் தன் துரோகத்தை ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, மன்னனின் மன்னிப்பை வேண்டி, ஆழ்ந்து மனம் வருந்தி இறந்தான் என்று மால்கம் வந்து சொல்கிறான். அவனுடைய பட்டம் மாக்பெத்துக்கு வந்தது. அவனுடைய துரோகமும் வந்தது. அவனுடைய மனமாற்றம் மட்டும் வரவில்லை. கல்வாரியில் இரு கள்வர் தொங்கியதுபோல், இந்நாடகத்தின் இரு முனைகளிலும் இரு காடோர்க் கோமான்கள் நிற்கிறார்கள். இருவரும் துரோகிகள், ஒருவன் மட்டுமே மனிதனாக இறந்தான்.

உறக்கத்தில் நடந்து, இல்லாத குருதியைக் கழுவிக் கழுவிச் சோர்ந்த மாக்பெத்தின் மனைவியைப் பார்த்த மருத்துவர், இவளுக்கு வேண்டியது மருத்துவர் அல்லர், இறைப்பணியாளரே என்கிறார். அந்தக் கோட்டையில் அப்படி யாரையும் எவரும் அழைக்கவில்லை. தாவீதும் பின்னாளில் உரியாவைச் சாகக் கொடுத்துக் கொலைகாரர் ஆனவர்தாம். ஆனால், நாத்தான் வந்து விரல் நீட்டியபோது, விதி என்றோ பத்சேபா என்றோ அவர் சொல்லவில்லை. தாம் பாவம் செய்ததாக ஒப்புக்கொண்டார். மாக்பெத் தனக்கு நாத்தானாக இருந்திருக்கக்கூடிய பாங்க்கோவைக் கொன்றுவிட்டான்.

ஆகவே, மாக்பெத்தை வீழ்த்தியவர் யார் என்ற கேள்விக்கு நம் விடை இது: மாக்பெத். இது கொடிய விடை என்று நினைக்க வேண்டாம். சூனியக்காரிகளோ விதியோ காரணமாயின், அவனுக்கு மீட்பே இல்லை. யாரும் அவனுக்கு உதவ முடியாது. அவனே காரணமாயின், எந்தக் கணத்திலும் அவன் திரும்பியிருக்கலாம். 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொள்ளும் சடங்கைத் திருச்சபை நம்மை இழிவுபடுத்தவா வைத்திருக்கிறது? பழியை அயலார்மேல் போடுபவனுக்குக் கிடைக்காத ஒன்று, அதைத் தன்மேல் ஏற்பவனுக்குக் கிடைக்கிறது என்பதனால்தான்.

அடுத்த முறை யாரேனும் செய்வினை என்று சொல்லி வந்தால், தீர்த்தம் தெளிக்கும் முன் ஒப்புரவு இருக்கையில் வந்து அமருமாறு அழைப்பதே நம் கடமை. அழைக்குமுன் நாமும் அங்கே ஒருமுறை முழந்தாளிட்டிருக்க வேண்டும்.